சித்திக்கு இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி

அன்று காலை அங்கே இருந்தவர்கள்: நான். என் தங்கை. அவள் கணவன், அதாவது என் மாப்பிள்ளை. படகுப் பட்டறையின் கிரேன்காரர். பிறகு சித்தி. மொத்தம் ஐந்து. சித்தி என்பது படகு. அதையும் ஆள்கணக்கில் சேர்த்தே எங்களுக்குப் பழகிவிட்டது. தங்கையிடமும் கிரேன்காரரிடமும் நீங்கள் ஏற்கெனவே பேசிவிட்டீர்கள். சித்தியைத் தண்ணீரிலிருந்து தூக்கி மறுபடி ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை சார்பில் நானே பேசிவிடுகிறேன்.

முதலில் ஒன்று, ஐயா. எனக்குக் கடல் பிடிக்காது. பேருந்து வளைவில் திரும்பினாலே வயிற்றைப் புரட்டும் ஆள் நான். ஒன்பது வருடம் ஒரு படகோடு குடித்தனம் நடத்தினேன். அந்த ஒன்பது வருடத்தில் அது தண்ணீரில் மிதந்தது ஒரே ஒரு காலைப்பொழுது. ஆனால் நான் இருந்த இருப்பைச் சொன்னால் நீங்கள் பொறாமைப்படுவீர்கள். கண் விழித்ததுமே சிரிப்பு வரும். பல் துலக்கும்போது விசில் அடித்து நுரையைக் கண்ணாடி முழுக்கத் தெளித்திருக்கிறேன்.

இருபத்தெட்டு அடிப் பாய்மரப் படகு. கண்ணாடி இழையில் வார்த்தது. ஒரு பாய்மரம், இரண்டு பாய், ஒரு சின்ன டீசல் இன்ஜின், மடங்கிப் படுத்தால் நான்கு பேருக்கு இடம். நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து வாங்கும்போதே அதற்கு முப்பது வயது. நான் அப்போதுதான் ராத்திரி ஷிப்டை உதறியிருந்தேன். பகல் என்று ஒன்று இருப்பதும் அதை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும் என்பதும் எனக்குப் புதிய செய்தி.

பெயர் வைத்தவன் மாப்பிள்ளை.

"கேட்டதெல்லாம் வாங்கிக்கும், ஒரு தடவைகூட நம்மளப் பாத்து சிரிக்காது. இது சித்திதான் மச்சான்."

"என் சித்தி நல்லவங்கடா."

"அப்ப உன் சித்தி வேணாம். என் சித்தி."

அடிப்பக்கப் பெயின்டைச் சுரண்டவே ஒரு வருடம் ஆனது. நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே மறுபடி நீலம். பதினோரு பூச்சு. புது நிறம் தலைகாட்டும்போதெல்லாம் ஐம்பதை நெருங்கும் இரண்டு ஆண்கள் படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி கைதட்டுவோம். மாப்பிள்ளை தலையிலிருந்து கால்வரை நீலமாக இருப்பான், நான் பச்சையாக இருப்பேன். தங்கை சாப்பாட்டோடு வந்து ஏணியடியில் நிற்பாள். "ரெண்டுல எது என் புருஷன்னு சொல்லிட்டா அதுக்கு மட்டும் போட்டுட்டு நான் கெளம்புவேன்" என்பாள். நாங்கள் இருவருமே கை தூக்குவோம்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. படகின் அடிவயிற்றில் தண்ணீர் போக வர ஓட்டைகள் இருக்கும்: பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று, இன்ஜினைக் குளிரவைக்க ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, அதன் தலையில் ஒரு ரப்பர் குழாய். அவற்றில் எதையாவது கழற்றிப்போட்டு வேலை செய்பவன், சுக்கான் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவான். துணி இருக்கும்வரை கிரேன்காரர் படகைத் தொடமாட்டார். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். படகுக்குச் சொந்தக்காரனே வந்து கெஞ்சினாலும் நடக்காது. "கட்டுனவங்கள வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காது குடைந்துகொண்டிருப்பார்.

மூன்றாம் வருடம் வேலை முடிந்துவிட்டது. நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. ஒரு மதியம் பத்து நிமிடம் கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் நீளமானது, ஐயா. எழுந்துபோய்ச் சிவப்புத் துணியைக் கட்டினேன்.

"தொட்டி வால்வுல ஒரு சந்தேகம் மாப்ள."

சந்தேகம் நான்கு மாதம் நீடித்தது. அதற்குமேல் ஒரே சந்தேகத்தை இழுக்க முடியாது என்பதால், மேல்தளத்தில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, அந்தத் துளையில் தினமும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். மேல்தளம் என்பது கண்ணாடி இழை இரண்டு தகடு, நடுவில் மரம். மரம் நனைந்தால் போச்சு. அடுத்த மழை முடிவதற்குள் மாப்பிள்ளை கால் வைத்த இடம் மெத்தை மாதிரி அமுங்கியது. அவன் முகத்தைப் பார்த்து நானும் அதே முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அறுத்து, அழுகிய மரத்தைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, புதியது பதித்து, பிசின் ஊற்றி, தேய்த்து, மறுபடி ஊற்றி, மறுபடி தேய்த்து, ஏழு மாதம். அப்படி ஒரு ஏழு மாதம் யாருக்கும் வாய்க்காது. அவனும் பாட்டுப் பாடினான். கேட்டுப் பாருங்கள், கிரேன்காரர் சொல்வார்.

பிறகு டீசல் தொட்டியில் கொஞ்சம் உப்புத்தண்ணீர். பிறகு சுவிட்சுப் பலகைக்குப் பின்னால் ஒரே ஒரு ஒயர், தோல் உரிக்கப்பட்டது. பிறகு பாய்மரத்தை இழுத்துப்பிடிக்கும் கம்பி ஒன்றில் ரம்ப வேலை. ஏழாம் வருடம் அவன் வெள்ளோட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டான். அவசரம், யோசிக்க நேரமில்லை. ஏணியின் மேல்படியை அடிப்பக்கமாகப் பாதி அறுத்தேன். பாதிதான். முழுக்க அறுத்தால்தான் கெட்ட எண்ணம். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவனைத் தூக்கிச் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான். ஐந்து மாதம் தினமும் படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன செய்திருக்கிறேன் என்று ஒப்பித்தேன். "என்னை வெச்சுக்காம எதையும் முடிச்சுராத மச்சான்" என்பான். முடிப்பேனா?

இந்த வருடம் தங்கை வேலையை விட்டாள். ஒரே கவுன்ட்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள். வீட்டை வாடகைக்கு விட்டாகிவிட்டது. இரண்டு பேரும் படகிலேயே குடியேறி, கரையோரமாகவே ஊர் ஊராகப் போகப்போகிறார்களாம். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றாள். அப்படி ஒரு பதிலைச் சொல்ல வாய்த்ததே பெரிய சந்தோஷம் என்பதுபோல் சிரித்தாள்.

"நீயும் வாண்ணே. மூணாவது படுக்கை உனக்குத்தான்."

"எனக்குக் குமட்டும்."

"அப்ப கரையில நின்னு டாட்டா காட்டு. அதுக்கும் குமட்டுமா?"

மாப்பிள்ளை பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "இந்தத் தடவை துணி கட்டுன, உன்னையே பாய்மரத்துல கட்டிருவேன்."

தனிமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. தங்கை முதலிலேயே அப்படித்தான் சொல்லியிருப்பாள், அவள் இளகின மனசுக்காரி. எனக்கு ஆட்கள் தேவையில்லை. வேலை முடிந்த பொருள் கெட்டுப்போகும், அவ்வளவுதான் என் கவலை.

யோசித்தேன். பட்டறையிலிருந்து சற்றுத் தொலைவில், படகைக் கயிற்றால் கட்டி நிறுத்தும் மிதவை ஒன்று இருக்கிறது. அங்கே மூழ்கினால் பாய்மரத்தின் நுனி வெளியே தெரியும், அவ்வளவுதான் ஆழம். தூக்குவது சுலபம். ஆனால் உப்புத்தண்ணீர் இன்ஜினிலும் ஒயரிலும் மெத்தையிலும் மரத்திலும் ஏறிவிடும். என்னென்ன வேலை வரும் என்று பென்சிலால் எழுதிப் பார்த்தேன். முன்னும் பின்னுமாக நான்கு பக்கம். குறைந்தது இரண்டு வருடம். எழுதும்போதே கை துள்ளியது. நாங்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்று திருதிருவென்று முழித்துவிட்டு, பின்னால் கட்டியிருக்கும் துடுப்புப் படகில் ஏறிக் கரைக்கு வந்துவிடுவோம். யாருக்கும் ஒரு கீறல் விழாது. பிறகு முதலிலிருந்து.

அன்று காலை கிரேன்காரர் என்னைப் பார்த்து, "சித்திக்கு இன்னிக்காவது குளியல் உண்டா?" என்றார். துணி கட்டியிருந்தது. எல்லோரும் பார்க்க அதை நானே அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். மூன்று குழாய்களின் இறுக்குப் பட்டைகளும் அப்போது என் வீட்டு மேசையில் இருந்தன. அந்தப் பட்டறையில் அதைவிடப் பெரிய பொய் கிடையாது, அது எனக்குத் தெரியும். தங்கை கைதட்டினாள். கிரேன்காரர் படகைத் தண்ணீரில் இறக்கி, கிரேனின் வாரிலேயே கால்மணி நேரம் தொங்கவிட்டுப் பார்த்தார். சொட்டுக்கூட இல்லை. வால்வுகளை நான் மூடி வைத்திருந்தேன்.

தங்கையைக் கரையில் நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் மிதவைக்குக் கிளம்பினோம். கிளம்புமுன் வால்வுகளைத் திறந்து, கைப்பிடிகளைக் கழற்றி என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே ஒரு இடுக்கிகூட இல்லாதபடி கருவிப்பெட்டியை மேல்தளத்துக்குத் தூக்கிவைத்தேன். பட்டை இல்லாத குழாய், இன்ஜின் அதிர்வில் தானாக நழுவும்.

அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரியும். நான் துடுப்புப் படகில் தனியாகக் கரைக்கு வந்தேன். தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நீ மட்டுமாவது வந்தியே என்றாள். ஒரு விஷயம் கேட்டுவிடுகிறேன்: இன்ஜினை நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் ஊற்றச் சொன்னீர்களா? ஒவ்வொரு நாளும் அதற்கு நஷ்டம். யாரையாவது அனுப்பினால் செய்முறை எழுதித் தருகிறேன்.

சரி, நடுவில் நடந்தது.

மிதவையில் கயிற்றைக் கட்டி முடித்திருந்தேன். பாயை எடுத்துவர உள்ளே இறங்கிய மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"மச்சான், உள்ள தண்ணி."

"அப்படியா?"

"அப்படியாவா? மூணு குழாயும் கழண்டு கெடக்கு. வால்வுல கைப்பிடியே காணோம்."

நான் படிக்கட்டின் தலைப்பில் வந்து குனிந்தேன். குனியும்போது பையில் இருந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அவன் என் பையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். தண்ணீர் அவன் கணுக்காலுக்கு வந்திருந்தது.

"ஏணியுமா?" என்றான்.

"பாதிதான் அறுத்தேன் மாப்ள."

"கைப்பிடியக் குடு. மத்தத அவ முன்னாடி பேசிக்கலாம்."

யோசித்துப் பாருங்கள், ஐயா. கொடுத்தால் ஒரு நிமிடத்தில் மூன்று வால்வும் மூடிவிடும், சித்தி மிதப்பாள், அவன் தங்கையிடம் சொல்வான், போய்விடுவார்கள். கொடுக்காவிட்டால் அவன் மேலே வந்து கரைக்குப் போய்ச் சொல்வான். அப்புறம் அந்த இரண்டு வருட வேலையை யாரோடு செய்வது? ஒற்றை ஆள் வேலை இல்லை அது. அவ்வளவு நல்ல ஒன்பது வருடம், கடைசியில் ஒரு சண்டையில் முடிந்தது என்று ஆகிவிடும். அவனுக்கே அது பிடித்திருக்காது.

உள்ளிருந்து வெளியே ஏற இன்னொரு வழி முன்பக்க மூடி; அதை முந்தின நாள்தான் வெளியிலிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தேன். ஓட்டை மூன்று, அவனுக்குக் கை இரண்டு.

"சரி மாப்ள" என்றேன். "நீ போய் இன்ஜின் ஓட்டையக் கையால அமுக்கிப் பிடி. நான் எடுத்துட்டு வரேன்."

அவன் போனான். எல்லாம் தெரிந்த பிறகும் போனான். ஒருவன் பிடித்தால் மற்றவன் கருவியோடு வந்து நிற்பான். எங்கள் வேலையில் அது ஒருநாளும் தவறியதில்லை, அவன் கைகால்களுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை. எனக்கு முதுகைக் காட்டி, இன்ஜினுக்குப் பின்னால் தண்ணீரில் மண்டியிட்டு, "பிடிச்சுட்டேன், வா" என்றான்.

கோபம் தணியட்டும், ஐந்து நிமிடத்தில் திறந்துவிடலாம் என்றுதான் படிக்கட்டுக் கதவைச் சாத்தி வெளியே பூட்டினேன்.