கிராணி வீட்டு ரயில்

குளுவாங் ஸ்டேஷனில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"அக்கா, பாலோ ஸ்டேஷன்ல கணக்கெழுதுற கிராணி வீட்டுக்குள்ள ரயில் ஓடுது. பால் ஊத்தப் போனப்ப பாத்தேன்."

"வீட்டுக்குள்ளயா?"

"சாவி கொடுத்தா ஓடுற பொம்மை ரயிலு. இருக்கறது ஒரே ரூம்பு. கட்டிலுக்கு அடியில பூந்து அடுப்பங்கரை வரைக்கும் தண்டவாளம் போட்டிருக்காரு."

"பெரிய லைனு பக்கத்துலயே இருக்கே. வீடு ஆடாது?"

"ஆடும். குட்டி ரயிலு கவுந்துரும். அதனால நெச வண்டி வர்றதுக்கு முன்னாடியே கைகாட்டி போட்டு நிறுத்திடுவாரு. அவரு சம்சாரங்கூட அடுப்பங்கரையில அசையாம நிக்குது."

பாலோ நெருங்கியது. தண்டவாளத்தை ஒட்டி ஒரு சின்னப் பலகை வீடு வந்தது. இருவரும் சன்னலோரம் சாய்ந்தார்கள்.

"இப்ப அந்தக் குட்டி ரயிலு நமக்காகவா நிக்குது?" பெரியவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஆமாக்கா. நாம தாண்டுனாத்தான் அது கெளம்பும்."