துண்டு வேண்டாம் என்று ஒரு துண்டு

மருதாயி: இல்லேன்னு சொல்லாதீங்க மிஸ். ஒங்க பின்னால கண்ணாடி அலுமாரியில, இருமல் பாணிக்குப் பக்கத்துல இருக்கே சின்னப் பெட்டி… அதான்.

சுலோஜனா: மெல்லமாக் கதையுங்கோ அம்மா. கடையில ஆக்கள் நிக்கினம்.

மருதாயி: நின்னா நிக்கட்டும். இருமல் பாணி வாங்க யாரும் வெக்கப்படுறாங்களா?

சுலோஜனா: இது இருமல் பாணியோ? பிள்ளை தங்காமல் இருக்க அவசரத்துக்குப் போடுற குளிசை. ஆருக்கு?

மருதாயி: எனக்குத்தான்.

சுலோஜனா: உங்களுக்கு?

மருதாயி: ஏன், எனக்கென்ன? நாப்பத்திரெண்டு வயசுதான். எங்க வீட்டுக்காரரு இன்னும் தலைக்கு மை போடுறாரு.

சுலோஜனா: ஐயோ, சிரிப்புக் காட்டாதேங்கோ… எந்தப் பக்கம்?

மருதாயி: பசறைக்கு மேல, தேயிலைத் தோட்டம். நான் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மாரு கொழுந்துக்குப் போனா கைப்புள்ளைங்கள நாந்தான் பார்த்துக்குறேன். பன்னெண்டு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது நாலு மணிக்குத்தான். எடுங்க மிஸ்.

சுலோஜனா: உங்கட தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து ஐயா இருப்பார்தானே. அவரிட்ட ஒரு துண்டு எழுதி வாங்கி…

மருதாயி: துண்டு வேணாம்.

சுலோஜனா: நான் சொல்லி முடிக்க முதல்…

மருதாயி: வேணாம் மிஸ். டாக்டர் துண்டும் தேவையில்ல, புருசன் கையெழுத்தும் தேவையில்ல, பார்மசியில நேரா கேட்டு வாங்கலாம்னு மிட்வைஃப் அம்மா சொன்னாங்க. சட்டமே அப்படித்தானாம். பொய்யா?

சுலோஜனா: …பொய் இல்லை.

மருதாயி: அப்பறம் என்னாத்துக்குத் துண்டு?

சுலோஜனா: சரி, துண்டை விடுங்கோ. கேள்வி கேக்கத்தானே வேணும்? மருந்தென்ன கச்சான் கடலையோ, சும்மா அள்ளிக் குடுக்க? கடைசியா எப்ப தலை முழுகினனீங்கள்?

மருதாயி: போன மாசம் இருபத்தாறு. அஞ்சு நாளு. வயித்துவலி இல்ல. வேற மருந்து எதுவும் சாப்புடல.

சுலோஜனா: பாடமாக்கிக்கொண்டு வந்து ஒப்புவிக்கிறியள் போல. எப்ப நடந்தது?

மருதாயி: வெள்ளிக்கிழமை ராத்திரி, ஒம்பதரை இருக்கும்.

சுலோஜனா: இண்டைக்குத் திங்கள். எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள்ள போட வேணும், தெரியுமோ? முந்திப் போட்டால் இன்னும் நல்லம். ஏன் இவ்வளவு சுணங்கினது?

மருதாயி: அவ நேத்து பொழுதுபட்டுத்தானே சொன்னா…

சுலோஜனா: ஆர் அவ?

மருதாயி: அது… எனக்குத்தான்னு வெச்சுக்குங்களேன்.

சுலோஜனா: நல்ல ஆள் நீங்கள்! ஆர் அம்மா அவ?

மருதாயி: பக்கத்துக் காம்பராப் பொண்ணு. வயித்தக் கிழிச்சுப் புள்ள எடுத்து ஏழு மாசம்தான் ஆகுது. ரெண்டு வருசத்துக்கு இன்னொண்ணு தங்கக் கூடாது, உசுருக்கே ஆபத்துன்னு பெரியாஸ்பத்திரியில சொல்லி அனுப்புனாங்க. புருசன் கொழும்புல கடையில நிக்கிறான். வெள்ளிக்கிழமை நல்லாக் குடிச்சிட்டு வந்தான். அவன்கிட்ட எங்க போயி ஆபத்தச் சொல்றது?

சுலோஜனா: அவ வந்திருக்கலாம்தானே…

மருதாயி: மாமியா கெணத்தடிக்குக் கூடத் தனியா விடாது. அதான் நான் வந்தேன். இங்க வர லீவுக்கே ஆபீஸ்ல துண்டு வாங்கிட்டுத்தான் வந்தேன். மருந்து கையில வராம இந்த எடத்த விட்டு நகர மாட்டேன் மிஸ். கடையப் பூட்டுனா உள்ள வெச்சுப் பூட்டுங்க.

சுலோஜனா: பூட்டேல்லை, பூட்டேல்லை… இந்தாங்கோ. திகதியைப் பாருங்கோ, ரெண்டாயிரத்து ஏழு மார்ச் வரைக்கும் இருக்கு. ஆரும் பெட்டி இல்லாமல் தனிக் குளிசை வித்தால் வாங்காதேங்கோ. என்ன மருந்தெண்டே தெரியாது.

மருதாயி: சரிங்க.

சுலோஜனா: ரெண்டு குளிசை. போன உடனே ஒண்டு, பன்னிரண்டு மணித்தியாலம் கழிச்சு மற்றது. பிள்ளைக்குப் பாலைக் குடுத்துப்போட்டுப் போடட்டும். மூண்டு மணித்தியாலத்துக்குள்ள சத்தி, வாந்தி எண்டு எடுத்தால் திரும்பப் போட வேணும். போன பிள்ளை வயித்தைக் கிழிச்செடுத்த பிள்ளைதானே, மாதம் பிந்தினால் ஒரு நாளும் நிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ.

மருதாயி: அதெல்லாம் தமிழ்ல எழுதிக் குடுங்க. பெட்டிக்குள்ள இருக்குற தாள்ல சிங்களமும் இங்கிலீசும்தான் இருக்கு.

சுலோஜனா: ஓம், எழுதுறன்… இந்தாங்கோ.

மருதாயி: அடியில இன்னொண்ணு எழுதுங்க. இந்த மருந்து வாங்கத் துண்டு தேவையில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

சுலோஜனா: என்னது? துண்டு வேண்டாம் எண்டு ஒரு துண்டோ?

மருதாயி: சிரிக்காதீங்க மிஸ். ஆஸ்பத்திரிக்குத் துண்டு, லீவுக்குத் துண்டு, கூரைத் தகரத்துக்குத் துண்டு… எங்க சனம் வாய்ப்பேச்ச நம்பாது. எழுத்துல இருந்தாத்தான் நம்பும். பிள்ளைக்காம்பரா செவத்துல ஒட்டப்போறேன்.

சுலோஜனா: உங்களுக்கு ஏனம்மா இவ்வளவு பிடிவாதம்?

மருதாயி: எனக்குப் புள்ள போதும்னு ஆப்பரேசன் பண்ணிப் பதினாலு வருசமாச்சு. எனக்காகவா கேக்குறேன்? போன வருசம் ஒரு பொண்ணு இதே மருந்து கேட்டுக் கடைக்கு வந்திச்சு. பத்தொம்பது வயசு, யுனிவர்சிட்டிக்குப் போகணும்னு ஏஎல் படிச்சிக்கிட்டிருந்திச்சு. துண்டு கொண்டான்னு சொல்லி அனுப்புனாங்க. அது நெசம்னு நம்பி டிஸ்பென்சரி வாசல்ல போயி நின்னுச்சு. மருந்து ஐயா லீவு. துண்டோட திரும்பி வர்றப்போ அஞ்சு நாளாச்சு.

சுலோஜனா: …ரெட்டைப் பின்னல். நீலக் குடை.

மருதாயி: ஆமாங்க.

சுலோஜனா: கலியாணம் கட்டாத பிள்ளை, வீண் கரைச்சல் எண்டு… அனுப்பிவிடத்தான் துண்டெண்டு சொன்னன் அம்மா. மெய்யாப் போய்க் கேப்பாள் எண்டு நான் நினைக்கேல்லை. துண்டை நீட்டிக்கொண்டு நிக்கேக்க என்னால அந்த முகத்தைப் பாக்க முடியேல்லை… இப்ப எங்க அவள்?

மருதாயி: கொழுந்து எடுக்குது. பொஸ்தகமெல்லாம் சாக்குல கட்டிக் கெடக்கு. அதோட புள்ள எங்கிட்டத்தான் தொட்டில்ல தூங்குது.

சுலோஜனா: பதுளையில எத்தினை மருந்துக்கடை… இதெல்லாம் தெரிஞ்சுகொண்டு ஏன் என்னட்டையே வந்தனீங்கள்?

மருதாயி: எம்மககிட்ட துண்டு கேட்டது நீங்கதானே? வேணாம்னு ஒங்க கையாலதான் எழுதணும். போடுங்க மிஸ், பஸ்ஸுக்கு நேரமாச்சு.