அப்பா வெட்டாத கிளை

எங்கள் வீட்டுப் பின்பக்கம் இப்போது நல்ல வெளிச்சம். பிளெய்ன்ஸ்பரோவில் இந்த வீட்டை வாங்கியபோது சமையலறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. சுற்றிலும் மரங்கள் கூரையில் உரசிக்கொண்டு நின்றன. அந்த வெளிச்சம் முழுக்க என் அப்பாவின் கைவேலை. அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா பெயர் சத்தியசீலன். பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாகத்தான் இருந்தார். தனியாக என்று நான்தான் சொல்கிறேன், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். காலையில் மைதானத்தில் நடை, சாயங்காலம் சர்ச்சில் பாட்டுக்குழு. அதில் பல வருடங்களாக அவருக்கு பேஸ் குரல், எல்லாருக்கும் கீழே ஒலிக்கும் கனத்த குரல். குழுவை நடத்தும் வசந்தாமணி டீச்சர், சத்தியசீலன் சார் இல்லாவிட்டால் பாட்டுக்கு அடித்தளமே இல்லை என்பாராம். அதை அப்பா எல்லாரிடமும் சொல்லுவார்.

போன ஏப்ரலில் அவரை விசிட்டர் விசாவில் வரவழைத்தோம். என் மகள் கெசியாவை டேகேரில் விட்டால் வாந்தி எடுக்கும்வரை அழுவாள். என் கணவர் டென்னிஸ் விடிந்ததும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து மன்ஹாட்டன் போகிறவர். டேகேரிலிருந்து போன் வரும்போதெல்லாம் ஓடியதில், மருந்துக் கம்பெனியில் என் வேலை ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா வந்த வாரமே கெசியா சிரித்தாள். நான் மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். இதை மட்டும் நீங்கள் மறந்துவிடக் கூடாது.

ஆனால் அப்பாவுக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. கார் ஓட்டத் தெரியாதவருக்கு இங்கே வாசலோடு உலகம் முடிந்துவிடுகிறது.

"தெருவுல ஒரு மனுச முகம் கிடையாது. நாய் மட்டும் கயித்தோட போகுது. நல்ல வசதியான ஜெயிலுட்டி ஜெபி," என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

அப்போதுதான் அந்தப் பேட்டரி ரம்பத்தை வாங்கினேன். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டச் சொல்லி வீட்டு இன்ஷூரன்ஸ்காரர்கள் எழுதியிருந்தார்கள். ரம்பம் கைத்துப்பாக்கி மாதிரி ஒரு கையில் அடங்கும். வயர் இல்லை. முனையில் ஒரு சாண் நீளத்துக்குச் சங்கிலி ஓடும். கட்டைவிரலால் பூட்டைத் தள்ளி விசையை அழுத்தினால் மணிக்கட்டுக் கனமுள்ள கிளை ஒரு மூச்சில் கீழே விழும்.

அப்பா குழந்தையாகிவிட்டார். காலை ஜெபம் முடிந்ததும் கண்ணாடி, கையுறை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார். கெசியா சமையலறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை தட்டுவாள். கிறிஸ்மஸ் பாட்டின் பேஸ் வரியை முனகிக்கொண்டே வெட்டுவார். என்னையும் கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்தார்.

"முதல்ல அடியில கொஞ்சம் வெட்டணும். பொறவுதான் மேல. மேல மட்டும் வெட்டி விட்டேன்னு வையி, பாரம் ஏறினதும் பட்டையோட கிழிச்சுக்கிட்டு இறங்கிரும். ஆளை அடிச்சிரும்."

அவர் நல்ல வாத்தியார். ஒரு தடவை சொன்னால் போதும்.

ஒரே ஒரு கிளையை மட்டும் அவர் தொடவில்லை. சமையலறைக்கு வெளியே உள்ள மரத்தளமான டெக்கிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் படிகளுக்கு அப்போது கைப்பிடி கிடையாது. பக்கத்து மேப்பிள் மரத்தின் கிளை ஒன்று இடுப்பு உயரத்தில் படியோடு சேர்ந்தே போகும். அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார், ஏறுவார். டென்னிஸ் அதையும் வெட்டச் சொன்னபோது, "அது என் கைப்பிடி மாப்ளே, அது இருக்கட்டும்," என்றார்.

செப்டம்பரில் தோட்டம் சுத்தமாகிவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ரம்பத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

"வெட்டுததுக்கு இனி ஒண்ணும் இல்லட்டி. நான் ஊருக்குப் போறேன். அடுத்த மாசம் பாட்டுப் ப்ராக்டிஸ் ஆரம்பிச்சிரும். வாரேன்னு டீச்சர்ட்ட சொல்லிட்டேன்."

"கெசியாவ யாருப்பா பாத்துப்பா? விசாவ எக்ஸ்டெண்ட் பண்ணலாம்ப்பா."

"அவ பழகிருவா. எனக்கு இங்க மூச்சு முட்டுது ஜெபி. கோவிச்சுக்காத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு குளியலறையில் உட்கார்ந்து போனில் தேடினேன். பயணம் செய்ய முடியாத உடல்நிலை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கூடுதலாக ஆறு மாதம் கேட்கலாம். சாதாரணச் சுளுக்குக்கு எந்த டாக்டரும் அப்படி எழுத மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு எடுத்திருந்த இன்ஷூரன்ஸில் விபத்து சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். சேர்ந்திருந்தது. நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவள் இல்லை.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை. மதியம் அப்பாவும் கெசியாவும் தூங்கினார்கள். முதலில் வேலிச்செடியைக் கொஞ்சம் வெட்டினேன், சத்தம் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமல்லவா. பிறகு அந்தக் கிளை. மேல்பக்கம் மட்டும், அடிமரத்தை ஒட்டி, இலைக்கொத்து மறைக்கும் இடத்தில். கிளை தன் கனத்தைத் தாங்க வேண்டும், அப்பாவின் கனத்தைத் தாங்கக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. தூளைப் பெருக்கி எடுத்தேன்.

சனிக்கிழமை காலை படிகளில் பனி ஈரம். கெசியாவை நானே சமையலறையில் மடியில் வைத்துக்கொண்டு தோசை ஊட்டினேன். குழந்தை விஷயத்தில் நான் ரொம்பக் கவனம்.

அப்பா கத்தவில்லை. கிளை முறியும் சத்தம்தான் கேட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். நான் அழுதது நடிப்பு இல்லை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. "பாட்டு போச்சே," என்றார். அதை மட்டும்தான் சொன்னார்.

ஆபரேஷன், ரீஹேப், பிறகு வீடு. டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் கேட்டு விண்ணப்பித்தோம். ஜன்னலோரம் அவருக்கு ஒரு ரிக்ளைனர் போட்டோம். தொடக்கத்தில் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். பிறகு அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கெசியாவைப் பார்த்துக்கொண்டார். அவளும் வளர்ந்துவிட்டாள். தாத்தாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். எனக்கு ப்ரமோஷன் வந்தது. அப்பாதான் ஜெபம் பண்ணினார்.

டென்னிஸ் குற்ற உணர்ச்சியில் படிகளுக்கு மரத்தில் ஒரு கைப்பிடி அடித்தார். விழுந்த கிளையை அதே ரம்பத்தால் துண்டு போட்டுக் குப்பைக்கு அனுப்பினார். முறிந்ததற்கும் வெட்டியதற்கும் உள்ள வித்தியாசம் டென்னிஸுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அடிமரத்தில் மிச்சம் நின்ற கட்டை அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அதன் மேல்பாதி வழவழவென்று, கீழ்ப்பாதி சிலும்பாக.

பல நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்டார்.

"அந்த ரம்பத்து பேட்டரிய எங்கட்டி வச்சிருக்க?"

"கராஜ்லப்பா. ஏன்?"

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். சின்ன வயதில் தப்பாகக் கணக்குப் போட்டால் அப்படித்தான் பார்ப்பார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. பிள்ளை கைக்கு எட்டாம வையி."

அதற்குப் பிறகு அவர் ஊரைப் பற்றிப் பேசியதே இல்லை. டீச்சர் போன் பண்ணினால், "இங்கயே இருந்துட்டேன் டீச்சர், மக நல்லா பாத்துக்குதா," என்கிறார். பிசியோதெரபிஸ்ட் மட்டும் குழம்பினார். எலும்பு சேர்ந்துவிட்டது, இவர் ஏன் நடக்க மறுக்கிறார் என்று கேட்டார். அவருக்கு இங்கே பிடித்துப் போய்விட்டது என்று சொன்னேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இந்த மார்ச்சில், போன புதன்கிழமை, ஒரு மீட்டிங் ரத்தானதால் சீக்கிரம் வந்தேன். டிரைவ்வேயில் பனிக்குவியல் இருந்ததால் தெருவில் காரை நிறுத்திவிட்டு வீட்டின் பக்கவாட்டில் நடந்து போனேன். பேஸ் குரல் கேட்டது. ஈஸ்டர் பாட்டு.

வாக்கர் டெக்கில் தனியாக நின்றது. அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். முதுகு நிமிர்ந்திருந்தது. கெசியா மேல்படியில் கராஜ் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காவல் உட்கார்ந்திருந்தாள்.

"Thatha, one more. Mommy's car வரல," என்றாள்.

நான் சத்தமில்லாமல் காருக்குத் திரும்பினேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து கராஜ் கதவைத் திறந்தேன். அது திறந்தால் வீடு முழுக்கக் கேட்கும். உள்ளே போனபோது அப்பா ரிக்ளைனரில் இருந்தார், கால்மேல் போர்வை. நெற்றியில் வியர்வை.

"இன்னைக்கு எப்படிப்பா இருக்கு?"

"எங்கட்டி. ஒரு அடி எடுத்து வைக்க முடியல."

போர்வையை விலக்கித் தைலம் தேய்த்துவிட்டேன். என் கைக்குள் அவர் கால் நடுங்கியது. பாவம், வலி போல. நடக்க முடியவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். பெற்ற தகப்பன் வார்த்தையை ஒரு மகள் நம்பாமல் இருக்க முடியுமா. அவருக்கு இன்னும் குணமாகவில்லை. டாக்டர் அதைத் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

டென்னிஸ் அடித்த கைப்பிடி பைன் மரம். மேப்பிளை விட ரொம்ப மென்மையானது. பேட்டரியை நேற்றே சார்ஜில் போட்டுவிட்டேன்.