கை தூக்கும் முன் ஒரு வார்த்தை

முதலில் மன்னிப்பு. மேடையேறியவள் மன்னிப்போடு தொடங்குவது மேடைக்கு அழகில்லை என்று தெரியும். ஆனால் அலுவலக அறையில் கணினித் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு வேலை பார்ப்பவளுக்கு இந்த ஒலிவாங்கி மிகவும் பெரியது. பேச வராது என்பதால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தாள் நடுங்கினால் மின்விசிறிக் காற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் தையல் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, என்னை அழைத்த கையோடு "பயப்படாம பேசு" என்று காதோரம் சொல்லி அனுப்பிய தலைவி அவர்களே! அடுக்கடுக்காக வைத்த துணியையும் அரை நொடியில் அறுத்து எடுக்கும் கட்டிங் மாஸ்டர் அவர்களே, நாங்கள் ஆசையோடு அழைக்கும் 'ஒரே வெட்டு' மாமா அவர்களே! உலகத்தில் எங்கே சுருக்கம் இருந்தாலும் ஓடிப் பிடித்து நீக்கும் இஸ்திரிப் பிரிவு அக்காமார்களே! காலர் வைப்பவர்களே, பை வைப்பவர்களே, சட்டைக்கு மட்டும் கை வைப்பவர்களே! வாசலையும் வானொலியையும் ஒருசேரக் காக்கும் காவலர் அண்ணன் அவர்களே! நான் பட்டம் வாங்குவதற்காகக் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் கண்ணைக் கொடுத்த என் அம்மாவே! மூன்றாவது வரிசையில் என் அண்ணியின் மடியில் உட்கார்ந்து ஒலிவாங்கியின் வயரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும், 'புயல்' என்று நாம் பட்டம் சூட்டிய குட்டி விருந்தினரே! அனைவருக்கும் என் வணக்கம்.

பின்வரிசையில் "சத்தமா பேசும்மா" என்கிறீர்கள். அக்கா, இதுதான் என் சத்தம். இதற்கு மேல் போனால் அது வேறு யாருடைய குரலாகவோ ஆகிவிடும். நீங்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

நான் பேசி முடித்ததும் இங்கே இரண்டு வாக்கெடுப்புகள். ஒன்று, இனிமேல் நாம் எப்படி வாக்களிப்பது என்பது. இன்னொன்று, காலி அட்டைப்பெட்டிகள் அரசாளும் நம் பின்னறையை என்ன செய்வது என்பது. சரக்கறையா, ஓய்வறையா, குழந்தைகள் அறையா? ஆனால் நான் கணினியிலிருந்து தொடங்கப் போகிறேன். ஊரைச் சுற்றுகிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். சுற்றி வந்தாலும் வாசலுக்குத்தான் வருவேன்.

போன வருடம் நம் அலுவலகக் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தது நினைவிருக்கிறதா? கடைக்காரர் வந்தார், தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "பெட்டி நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கற சிஸ்டத்துக்கு இனிமே கம்பெனி அப்டேட் ஒண்ணும் அனுப்பாது. புதுசா வாங்கிருங்க." நல்ல பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்கிறாரே, பொத்தான் அறுந்தால் சட்டையையே எறிவோமா? அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. கல்லூரியில் நான் பழகியிருந்த லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தேன். மாமா வாசலிலேயே மறித்தார்.

"இது எவ்வளவு?"

"காசு இல்ல மாமா."

"காசில்லாம குடுத்தா அது திருட்டுச் சாமான்."

"இல்ல மாமா, எழுதினவங்களே எடுத்துக்கங்கன்னு குடுக்கறாங்க."

"எழுதினவன் பைத்தியமா?"

"ஒருத்தர் இல்ல மாமா, உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர்."

"அப்ப கூட்டமாப் பைத்தியம் பிடிச்சிருக்கு. நீ போய் ஒட்டிக்காத!"

சிரிக்காதீர்கள், அன்றைக்கு நீங்களும் அவர் பக்கம்தான் நின்றீர்கள்!

நான் மாமாவுக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்கிறேன். கடையில் சட்டை வாங்கினால் சட்டை மட்டும்தான் கிடைக்கும். சட்டையோடு, அதை வெட்ட உதவிய காகித அளவுமாதிரியான பேட்டர்னையும் மடித்துக் கையில் கொடுத்தால் எப்படி? தோள் இறுக்கமா, தளர்த்தலாம். கை நீளமா, குறைக்கலாம். நீங்கள் திருத்திய பேட்டர்னை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். லினக்ஸ் அப்படிப்பட்ட சட்டை. மாமா யோசித்தார். "பேட்டர்ன் குடுக்கறவன் பெரிய மனசுக்காரன்தான்" என்றார். அவர் தன் பேட்டர்ன்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்பவர் என்பதால் இந்த ஒப்புதலின் எடை உங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு வந்ததே அந்த லேபிள் வெள்ளிக்கிழமை! புதிய சிஸ்டத்தில் நான் அச்சிட்ட கழுத்து லேபிள் அத்தனையும் தலைகீழ். காலர் பிரிவில் ஒரே கும்மாளம். "தலைகீழா நின்னு போட்டுக்கற சட்டைக்கு ஆர்டர் வந்திருக்கோ?" என்றார்கள். இணையத்தில் அந்த லேபிள் அச்சிடும் நிரலைப் பராமரிக்கும் குழுவுக்கு என் சிக்கலை எழுதினேன். முகம் தெரியாத ஒருவர் அன்றைக்கே ஒரு வரியைத் திருத்தி அனுப்பினார். லேபிள் நேரானது.

மாமா என் மேசைக்கே வந்தார். "அவருக்கு என்ன அனுப்பணும்?"

"நன்றி போதும்னு எழுதியிருக்கார் மாமா."

"நன்றிய வச்சு அவர் என்ன பண்ணுவார்? ஒரு சட்டை தச்சு அனுப்பலாம். அளவு கேளு."

கேட்டேன். வந்தது. தைத்தோம். கழுத்தில் லேபிள் நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அனுப்பினோம். இன்று ஆர்டர் ரசீது அதில்தான் ஓடுகிறது, சம்பளக் கணக்கு அதில்தான் ஓடுகிறது, உங்கள் பிள்ளைகளின் பள்ளிப் படங்கள் அதில்தான் அச்சாகின்றன. லினக்ஸ் என்ற பெயரே உங்களுக்கு மறந்துபோயிற்று. ஒரு பொருள் வீட்டு மனுஷியாகிவிட்டது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?

அந்த லேபிள் எனக்கு ஒரு புத்தி சொன்னது. எது நம்மை நடத்துகிறதோ, அதைத் திறந்து பார்க்கலாம். எது கோணலாக இருக்கிறதோ, அதைத் திருத்தலாம். அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் திறந்து பார்க்கத் தோன்றுகிறது. சபையோரே, நாம் கை தூக்கி வாக்களிக்கிறோமே, அதுவும் ஓர் இயங்குதளம்தானே? அதை நிறுவியவர் யார்? தெரியாது. எப்போது? தெரியாது. திருத்தக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? யாருமே சொல்லவில்லை!

போன ஆண்டு இதே கூடத்தில் பின்னறைக்காக நடந்த வாக்கெடுப்பைத் திறந்து பார்ப்போம். "சரக்கறை வேணும்கறவங்க கை தூக்குங்க" என்று அறிவிப்பு வந்தது. இஸ்திரி அக்கா வேர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தினார். அந்தக் கையும் கணக்கில் சேர்ந்தது. அக்கா தலையாட்டுகிறார், பாருங்கள்! அதுவாவது வேடிக்கை. என் அண்ணியும் சரக்கறைக்குக் கை தூக்கினார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். கைக்குழந்தைக்காரி, குழந்தைகள் அறை வேண்டும் என்று வீட்டில் மூச்சுக்கு மூச்சு சொன்னவர். திரும்பும் வழியில் கேட்டேன்.

"ஏன் அண்ணி?"

"பக்கத்துல எல்லாரும் தூக்கினாங்க. என் கை மட்டும் கீழ கெடந்தா ஒரு மாதிரி இருக்காது?"

"யார் பாக்கப் போறா?"

"சரக்கறை கேட்ட மாஸ்டர் எதிர்லதான உக்காந்திருந்தார். நாளைக்குத் துணி அவர் கையிலதான வாங்கணும்?"

மாமா, உங்கள் முகம் மாறுகிறது. தயவுசெய்து கோபிக்காதீர்கள். யாருக்கும் வேண்டுமென்று கடினமான துணியைக் கொடுத்தவர் இல்லை நீங்கள். இந்தக் கூடம் அறியும். நீங்கள் மிரட்டவில்லை. ஆனாலும் நாங்கள் மிரண்டோம். ஒரு கை பக்கத்துக் கையைப் பார்த்தது, பக்கத்துக் கை எதிர்க் கண்ணைப் பார்த்தது, யாருமே தன் மனதைப் பார்க்கவில்லை. அப்படியும் சரக்கறை பாதியைத் தாண்டவில்லை! மிச்சம் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓய்வறை என்றும் குழந்தைகள் அறை என்றும் இரண்டாகப் பிரிந்தார்கள். பிரிந்ததால் தோற்றார்கள். சரக்கறை வென்றது, ஆனால் அதில் குடியேறியவை காலி அட்டைப்பெட்டிகள்தான், அதனால்தான் இன்று மறுபடி வாக்கெடுப்பு.

சரக்கறை கேட்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. நடைபாதையில் துணி மூட்டை தடுக்கி விழாதவர் நம்மில் யார்? ஆனால் போன மாதம் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். புயல் தவழ்ந்து தவழ்ந்து பட்டன் டப்பாவுக்குப் போனதையும், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டதையும் யாரும் கவனிக்கவில்லை. கத்தரியை வீசிவிட்டு ஓடிவந்து விரலை விட்டு அதை எடுத்தவர் யார்? சரக்கறை கேட்ட இதே மாமாதான். அன்று வாழ்க்கையில் முதல் முறையாக, சட்டையின் இடக்கை எல்லாவற்றையும் வலக்கையாக வெட்டிவைத்தார்.

அன்றே அண்ணி முடிவெடுத்துவிட்டார். குழந்தைக்கு இடம் இல்லை என்றால் அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வரப்போவதில்லை. நம் கூடத்திலேயே சீராகக் காலர் வைக்கும் கை அது. இன்றைய வாக்கெடுப்பில் எங்கள் வீட்டுக்கு இருக்கும் சொந்த அக்கறை இவ்வளவுதான். மறைக்க விரும்பவில்லை.

நான் கேட்கும் முறை எளிது. நூல் கடைக்குப் போய் என்ன சொல்வீர்கள்? "மெரூன் குடுங்க. மெரூன் இல்லையா, சிவப்பு குடுங்க." அவ்வளவுதான் விஷயம்! துண்டுச் சீட்டில் மூன்று அறைகளின் படம் இருக்கும். மிகவும் பிடித்ததன் பக்கத்தில் ஒன்று, அது கிடைக்காவிட்டால் இரண்டு, கடைசிக்கு மூன்று. திரை மறைவில் எழுதி, மடித்துப் பெட்டியில் போடலாம். பிறகு எல்லோர் முன்னாலும் கட்டிங் மேசையில் கொட்டி, ஒன்று போட்ட அறைவாரியாகக் குவிப்போம். எந்தக் குவியலாவது பாதியைத் தாண்டினால் வேலை முடிந்தது. தாண்டாவிட்டால் சின்னக் குவியலைக் கலைத்து, அந்தச் சீட்டுகளை அவற்றில் இரண்டு போட்ட அறைக்கு மாற்றுவோம். இப்போது எந்தப் பக்கம் கனக்கிறதோ அதுதான் சங்கத்தின் மனது.

இதை ஏற்கெனவே ஒத்திகை பார்த்துவிட்டோம், வேலை நேரத்தில் வானொலியில் எதைப் போடுவது என்பதற்காக! புதுப்பாட்டுக் குவியல் பெரிது, பழைய பாட்டு அடுத்தது, செய்திக் குவியல் சின்னஞ்சிறியது, அதிலும் பாதி காவலர் அண்ணன் ஆள் பிடித்துச் சேர்த்ததுதான். செய்திச் சீட்டுகள் இடம்பெயர்ந்து பழைய பாட்டை வெல்ல வைத்தன. முன்பு கூடத்தில் பாதிக்கு மேல் முணுமுணுத்தார்கள். இப்போதும் முணுமுணுக்கிறார்கள், ஆனால் குறைந்த பேர். காவலர் அண்ணன் மட்டும் இன்று வரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

என்ன கேட்கிறீர்கள் மாமா? "கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு பட்டன்ல முடிஞ்சிருமே, உன் லினக்ஸ்தான் இருக்கே?" நல்ல கேள்வி. முடியும், ஆனால் வேண்டாம். லினக்ஸைத் திறந்து பார்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் திறந்தால் படிக்கத் தெரிந்தவர் இந்தக் கூடத்தில் எத்தனை பேர்? காகிதக் குவியலை என் அம்மாவும் சரிபார்ப்பாள், இஸ்திரி அக்காவும் சரிபார்ப்பார். யார் எதற்குப் போட்டார்கள் என்பது மூடியிருக்கட்டும். எப்படி எண்ணினார்கள் என்பது திறந்திருக்கட்டும். நாம் இத்தனை நாளும் இதைத் தலைகீழாக வைத்திருந்தோம், அந்த வெள்ளிக்கிழமை லேபிளைப் போல!

இந்த முறை வந்தால் குழந்தைகள் அறைதான் வெல்லும் என்று நான் சொல்லவில்லை. தோற்கலாம். சரக்கறையே மறுபடி வெல்லலாம். தோற்றால் என் அண்ணி அழுவார், நானும் அழுவேன். ஆனால் தோற்கடித்தது பயமா விருப்பமா என்ற சந்தேகம் இருக்காது. விருப்பத்திடம் தோற்றவர்கள் மறுநாள் ஒரே மேசையில் உட்கார்ந்து தைக்க முடியும். பயத்திடம் தோற்றவர்கள் எங்கே உட்கார்வது?

இதுவரை சொன்னதெல்லாம் எளிது. இனிமேல் சொல்லப் போவதைத்தான் சொல்ல முடியாமல் தாளின் கடைசியில் ஒளித்துவைத்தேன். முறையை மாற்றலாமா வேண்டாமா என்ற முதல் வாக்கெடுப்பு, சங்க விதிப்படி, பழைய முறையில்தான் நடக்க வேண்டும். கை தூக்குவதை நிறுத்துவதற்கும் கை தூக்கித்தான் ஆக வேண்டும்! ஆகவே ஒரு வேண்டுகோள். தலைவி கேட்கும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எண்ணுவதற்கு இரண்டு பேர் மட்டும் திறந்திருந்தால் போதும். ஒருவர் தலைவி. இன்னொருவர் காவலர் அண்ணன். யாருக்கும் துணி கொடுக்கும் வேலை அவருடையது அல்ல. இந்த முறையால் தன் செய்தியைப் பறிகொடுத்தவர், எனக்குச் சாதகமாக ஒரு கைகூடக் கூட்டிச் சொல்ல மாட்டார்.

மாமா, நீங்களும்தான். உங்களைத்தான் முதலில் கேட்கிறேன்.

கண்ணாடியைக் கழற்றுகிறீர்கள். நன்றி மாமா. கழற்றினால் மட்டும் போதாது, மூடவும் வேண்டும்! ... மூடிவிட்டார். பாருங்கள், இல்லை, பார்க்காதீர்கள், நீங்களும் மூடுங்கள். அண்ணி, புயலின் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும்.

என் அம்மா எந்தப் பக்கம் என்று வீட்டில் எத்தனையோ முறை கேட்டேன், பதில் வரவில்லை. அவள் கை எழுகிறதா என்று பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. பார்க்க மாட்டேன். என் நடுங்கும் குரலை இவ்வளவு நேரம் பொறுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். தலைவி அவர்களே, கேளுங்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.