லிட்டருக்கு இருபத்தேழு

மீனா: இன்னொரு தடவை சொல்லுங்க. அந்த நம்பரை இன்னொரு தடவை உங்க வாயால சொல்லுங்க.

சிவபாண்டி: இருபத்தேழு. லிட்டருக்கு இருபத்தேழு கிலோமீட்டர். இதுல உனக்கு என்ன எரிச்சல்? ஹைபிரிட் கார் வாங்குறப்ப, "பெட்ரோலும் வேணுமாம், பேட்டரியும் வேணுமாம்"னு சிரிச்சவதானே நீ?

மீனா: சிரிச்சேன். இப்பச் சிரிப்பு வரல. காலையில மாடி வீட்டுக்காரர்கிட்டயும் இதையேதான் சொன்னீங்க.

சிவபாண்டி: கேட்டாரு, சொன்னேன்.

மீனா: அவர் எங்க கேட்டாரு? பால் வாங்க வந்த மனுஷன். அன்னைக்குத் துட்டி வீட்டுல, பொணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இந்த வண்டிப் பெருமை பேசுன ஆளு நீங்க.

சிவபாண்டி: செத்தவரும் கார் வச்சிருந்தவரு. அந்தப் பேச்சுல அப்படியே...

மீனா: வண்டி வாங்கின புதுசுல எம்புட்டுக் குடுத்துச்சு?

சிவபாண்டி: இருபது... இருபத்தொண்ணு.

மீனா: ஏன் இம்புட்டுக் கம்மின்னு கேட்டப்ப எனக்கு என்ன விளக்கம் சொன்னீங்க?

சிவபாண்டி: பழங்காநத்தம் டிராபிக்ல வச்சுப் பாடம் ஒப்பிக்கச் சொல்றியா? முன்னாடி பாரு, ஆட்டோக்காரன் குறுக்க விடுறான்...

மீனா: அவன் போகட்டும். நான் ஒப்பிக்கிறேன், தப்பு இருந்தாச் சொல்லுங்க. நாலுவழி ரோட்டுல நூறுல போனா எஞ்சின் நிக்காம ஓடும், பெட்ரோல் குடிக்கும். ஊருக்குள்ள ஊர்ந்து போனா எஞ்சின் அணைஞ்சு பேட்டரியில போகும். பிரேக் பிடிக்கப் பிடிக்க அதுவே சார்ஜ் ஏத்திக்கும். அதனால மத்த காருக்கெல்லாம் வெளியூர்ல மைலேஜ் கூட, இந்தக் காருக்கு மட்டும் டவுனுக்குள்ளதான் கூட. சரியா?

சிவபாண்டி: ...சரி.

மீனா: அப்பச் சொல்லுங்க. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டின்னு தினம் நாலுவழி ரோட்டுல பறக்குற பம்புசெட் கம்பெனி ஏரியா மேனேஜருக்கு இருபத்தேழு எங்க இருந்து வந்துச்சு?

சிவபாண்டி: நீதானே மெதுவா ஓட்டுங்கன்னு நச்சரிச்ச? எழுபதுக்கு மேல மிதிக்கிறதே இல்ல.

மீனா: எழுபதுல கோவில்பட்டி போயி, அத்தனை டீலரையும் பார்த்து, பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுல வந்து காபி கேக்குறீங்க.

சிவபாண்டி: ஆமா, ரெக்கை கட்டியிருக்கேன்.

மீனா: டோல்கேட் மெசேஜ் என் போனுக்குத்தான் வரும். ரெண்டு மாசமா ஒண்ணுகூட வரல.

சிவபாண்டி: பழைய ரோட்டுல... ஊருக்குள்ள பூந்து போறேன்.

மீனா: எந்த ஊருக்குள்ள?

சிவபாண்டி: இங்க பாரு, அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போறோம். அங்க வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு என் மானத்தை வாங்காத.

மீனா: எவ அவ?

சிவபாண்டி: என்னது?

மீனா: காது கேக்கலையா? இந்த வண்டியிலதான் சத்தமே கிடையாதே, நல்லாக் கேக்கணுமே! எவ அவன்னு கேட்டேன்.

சிவபாண்டி: ஏய்! வாயை அளந்து பேசு. இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்திட்டு, கேக்குற கேள்வியா இது?

மீனா: கம்பெனிக்குப் போன் போட்டேன்.

சிவபாண்டி: எதுக்கு? யாரைக் கேட்டுப் போட்ட?

மீனா: கோவில்பட்டி லைனை நீங்களே வேற ஆளுக்குத் தள்ளிவிட்டுட்டு, டவுன் லைன் குடுங்கன்னு கெஞ்சி வாங்கியிருக்கீங்க. மேனேஜரா இருந்தவன் கடைகடையா ஏறி இறங்குற வேலையைக் கேட்டு வாங்குவானா? அப்புறம் எதுக்குத் தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு "கோவில்பட்டி போறேன், வாரேன்"னு ஒரு நாடகம்?

சிவபாண்டி: ஆபீஸ் விஷயம் ஆயிரம் இருக்கும். எல்லாத்தையும் உன்கிட்ட ஒப்பிச்சுட்டுத்தான் செய்யணுமா?

மீனா: விளாங்குடியில என்ன ஆபீஸ் விஷயம்?

சிவபாண்டி: விளா...

மீனா: ஏங்க, பிரேக்கை இப்படியா மிதிப்பீங்க! பின்னாடி பஸ்காரன் கத்துறான் பாருங்க.

சிவபாண்டி: விளாங்குடின்னு யாரு சொன்னா?

மீனா: எங்க ஸ்கூல் சரண்யாதேவி டீச்சர். அவங்க தங்கச்சி வீடு அங்கிட்டுதான். தெருமுனையில உங்க வெள்ளைக் கார் மணிக்கணக்கா நிக்குதாம். உள்ள ஏசி ஓடுதாம், எஞ்சின் ஓடலையாம். நீங்க சீட்டைச் சாய்ச்சுப் படுத்திருக்கீங்களாம்.

சிவபாண்டி: அங்க டீலர் கடை ஒண்ணு இருக்கு. பணம் வசூலுக்காக...

மீனா: பொய்! அந்தத் தெருவுல கடையே கிடையாது. ஒரு மாவு மில்லு இருக்கு, அதை விட்டா வேப்பமரம்...

சிவபாண்டி: இரு.

மீனா: என்ன இரு?

சிவபாண்டி: அந்தத் தெருவுல மாவு மில்லு இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?

மீனா: ...டீச்சர்தான்.

சிவபாண்டி: வேப்பமரத்தையும் டீச்சர் சொன்னாங்களா? மீனா, என் முகத்தைப் பாரு. நீ அந்தத் தெருவுக்குப் போயிருக்க.

மீனா: ஓரமா நிறுத்துங்க.

சிவபாண்டி: பதில் சொல்லு.

மீனா: நிறுத்துங்கன்னேன்! இல்லைன்னா ஓடுற வண்டியில கதவைத் திறந்துடுவேன்.

சிவபாண்டி: நிறுத்திட்டேன். சொல்லு.

மீனா: போயிருக்கேன். வாராவாரம் போறேன். பாப்பா எந்த வீட்டுல இருக்கான்னு எனக்கு முதல் வாரமே தெரியும். அந்த வீட்டைப் பார்த்துக் குடுத்ததே நான்தான். போதுமா?

சிவபாண்டி: அடிப்பாவி... மூணு மாசமா என் பக்கத்துல உட்கார்ந்து சோறு தின்னுக்கிட்டு, என் மக எங்க இருக்கான்னு மூச்சு விடாம...

மீனா: கத்துங்க. நல்லாக் கத்துங்க. இந்தத் தொண்டை அன்னைக்கு உங்க அண்ணன் வீட்டுல எங்க போச்சு? பவதாரிணி கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு சேதி வந்த அன்னைக்கு! மாப்பிள்ளை பேரு பீமாராவ்னு சொன்னதுமே, என்ன சாதின்னு புரிஞ்சு உங்க அண்ணன் மொக்கைச்சாமி காறித் துப்புனாரு. அவர் பெத்த பிள்ளை கருப்பு, "ரெண்டு பேரையும் ஒரே இடத்துல முடிக்கிறேன்"னு எல்லார் முன்னாடியும் சொன்னான். பெத்த தகப்பன் நீங்க என்ன செஞ்சீங்க?

சிவபாண்டி: அம்புட்டுக் கூட்டத்துல நான்...

மீனா: குடத்தைத் தூக்கித் தலையில ஊத்திக்கிட்டு, "எனக்கு மகளே கிடையாது"ன்னீங்க. அந்த ஈர வேட்டியை நான்தான் துவைச்சேன்.

சிவபாண்டி: மீனா, நான் சொல்றதை...

மீனா: இப்ப அதே மகளோட தெருவுல, சத்தமே வராத வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக்கிட்டு என்னத்தப் பாக்குறீங்க? மாப்பிள்ளை எப்ப வேலைக்குப் போறாரு, அவ எப்பத் தனியா இருக்கான்னு நோட்டம் பாக்குறீங்களா? பார்த்துக் கருப்புக்குச் சொல்லப் போறீங்களா?

சிவபாண்டி: ஏய்!

மீனா: இன்னைக்கு அவன் மகளுக்குத்தானே காதுகுத்து? கிடா வெட்டி, பந்தியில உங்களை உட்கார வச்சு, குனிஞ்சு கேப்பான். "சித்தப்பா, எந்தத் தெரு?" நீங்களும் சொல்லிட்டு, கறியைத் தின்னுட்டு, கையைக் கழுவிட்டு வருவீங்க. அதுக்குத்தானே இம்புட்டு அவசரமாப் போறோம்?

சிவபாண்டி: நிறுத்துடி! அவன் ஏற்கெனவே கேட்டுட்டான்!

மீனா: ...என்ன கேட்டான்?

சிவபாண்டி: வண்டியைக் கேட்டான்.

மீனா: எந்த வண்டியை?

சிவபாண்டி: இதைத்தான். துட்டி வீட்டுல, கோயில்ல, போற இடத்துல எல்லாம் பீத்துனேன்ல? அவன் காதுலயும் விழுந்திருக்கு. "சித்தப்பா, மெதுவாப் போனா உங்க வண்டி சத்தமே போடாதாமே? முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னாலும் தெரியாதாமே? ரெண்டு நாளைக்குக் குடுங்களேன்"னான். சிரிச்சுக்கிட்டே கேட்டான் மீனா. வெத்தலையை மடிச்சுக்கிட்டே.

மீனா: ஐயோ... குடுத்தீங்களா?

சிவபாண்டி: குடுப்பேனா? தினம் லைனுக்குப் போகணும், வண்டி இல்லாம முடியாதுன்னுட்டேன். மறுநாளே டவுன் லைனைக் கேட்டு வாங்கினேன். அவனுங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நான் அவளைக் கண்டுபிடிக்கணும். அவனியாபுரத்துல ஆரம்பிச்சு ஒரு சந்து விடல. கடைசியில விளாங்குடியில ஒரு பாத்திரக் கடை வாசல்ல நின்னா. கையில குக்கர் கேஸ்கெட். இளைச்சுப் போயிருந்தா...

மீனா: பேசுனீங்களா?

சிவபாண்டி: பின்னாடியே போனேன். பேட்டரியிலயே, நடக்குற வேகத்துல. அவ திரும்பிக்கூடப் பார்க்கல. சத்தம் கேட்டாத்தானே திரும்புவா? அப்படியே பிரேக்கை மிதிச்சு நிறுத்திட்டேன். என் இடத்துல கருப்பு உட்கார்ந்திருந்தா...

மீனா: அதனால?

சிவபாண்டி: அதனால நிக்கிறேன். அந்தத் தெருவுக்கு ஒரே வழிதான். முனையில நான் நின்னா, எவனா இருந்தாலும் என்னைத் தாண்டித்தான் போகணும். கருப்போட ஆளுங்க ரெண்டு தடவை பைக்ல வந்தானுங்க. "இங்கிட்டு நான் சல்லடையாச் சலிச்சுட்டேன்டா, வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் பார்த்ததாப் பேச்சு"ன்னு திருப்பி விட்டேன். இன்னமும் தெப்பக்குளத்தைத்தான் சுத்துறானுங்க. இப்படி ஊர்ந்து ஊர்ந்து வந்ததுதான் நீ கேட்ட இருபத்தேழு. போதுமா?

மீனா: போதாது.

சிவபாண்டி: இன்னும் என்னத்தச் சொல்ல?

மீனா: என்கிட்ட ஏன் சொல்லல?

சிவபாண்டி: சொன்னா நீ பாக்கப் போவ. உன் பின்னாடியே அவனுங்களும் வருவானுங்கன்னு பயந்தேன். நீ என்னடான்னா வாராவாரம் போயிருக்க!

மீனா: நீங்க வீட்டுல கிடக்குற ஞாயித்துக்கிழமையாப் பார்த்து, மூணு பஸ் மாறிப் போனேன். சரி, போலீசுக்கு ஏன் போகல?

சிவபாண்டி: அண்ணன் மகன் மேல நானே போய்க் கம்ப்ளைன்ட் குடுக்கச் சொல்றியா?

மீனா: அதானே பார்த்தேன்! அண்ணனுக்கும் நல்ல தம்பியா இருக்கணும், மகளுக்கும் நல்ல அப்பனா இருக்கணும். பெட்ரோல்லயும் ஓடுவேன், பேட்டரியிலயும் ஓடுவேன். வண்டியை நீங்க வாங்கல, உங்களைப் பார்த்துத்தான் அந்த வண்டியையே செஞ்சிருக்கான்.

சிவபாண்டி: பேசு. உனக்கென்ன.

மீனா: என்னைக்காவது காய்ச்சல்ல நீங்க படுத்துட்டா? அன்னைக்கு அந்த முனையில எவன் நிப்பான்?

சிவபாண்டி: எனக்குத் தைரியம் இல்லைங்கிற. ஆமா, இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. இதுவும் செய்யாம வீட்டுல கிடக்கச் சொல்றியா? ஒரு மாசமா அவ வாசலுக்கே வாரதில்ல. ஜன்னலும் சாத்தியே கிடக்கு. உடம்புக்கு என்னமோ, ஏதோன்னு நான் அந்த முனையில உட்கார்ந்து படுற பாடு...

மீனா: வண்டியைத் திருப்புங்க.

சிவபாண்டி: காதுகுத்துக்குப் போகலைன்னா சந்தேகம் வரும்.

மீனா: வரட்டும். நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. கம்ப்ளைன்ட்டை நான் எழுதுறேன். நீங்க பக்கத்துல நின்னு, கருப்பு எதுக்கு வண்டி கேட்டான்னு உங்க வாயால சொல்லணும்.

சிவபாண்டி: அதுக்கப்புறம் அண்ணன் என் முகத்துலயே...

மீனா: முழிக்க மாட்டாரா? வேற என்ன, இன்னொரு குடம் தண்ணி ஊத்திக்கங்க. பழக்கம்தானே! என்னையே பாக்காதீங்க. திருப்புங்க.

சிவபாண்டி: திருப்புறேன். திருப்பிட்டேன். பைபாஸ்ல ஏறிடலாம்... ஆனா, எல்லாம் தெரிஞ்சவ, எதுக்குடி "எவ அவ"ன்னு கேட்ட?

மீனா: வாயைத் திறக்க வைக்கத்தான். பாப்பாவைப் பத்தி நேரடியாக் கேட்டா நீங்க இறுகிப் போயிருப்பீங்க. கருப்பு பக்கமா, எங்க பக்கமான்னு எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்.

சிவபாண்டி: சரண்யாதேவி டீச்சரோட தங்கச்சி போன வருஷமே சென்னைக்குப் போயிருச்சுன்னு நீதானே சொன்ன?

மீனா: ஆமா. டீச்சர் எதையும் பார்க்கல.

சிவபாண்டி: அப்ப என் வண்டியைப் பார்த்தது யாரு?

மீனா: வீட்டுல கிளம்புறப்பவே போன் போட்டுட்டேன். இன்னும் கட் பண்ணல, மடியிலதான் இருக்கு. யார் சொல்லியும் நம்ப மாட்டேன், அப்பா வாயாலயே கேக்கணும்னு சொன்னா... பாப்பா, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். வீட்டைக் காலி பண்ண வேணாம், சாமானை லாரியில ஏத்த வேணாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. கேட்டியா, அப்பா சொன்னதை?

பவதாரிணி: கேட்டேன்மா. எல்லாத்தையும் கேட்டேன். அப்பா... அந்த வண்டி முனையில வந்து நிக்கிறப்பல்லாம், எங்களை வெட்டத்தான் வந்திருக்கீங்கன்னு, நானும் அவரும் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு, மூச்சுவிடாம உட்கார்ந்திருந்தோம்ப்பா. ஒரு தடவை... ஒரே ஒரு தடவை ஹாரன் அடிச்சிருக்கக் கூடாதா?