கம்பெனி ரோட்ல நடக்கறவங்க

அய்ய, சேர் வேணாம்னு சொல்லாதீங்க மேடம். காலைலேர்ந்து நின்னுக்கினே கீறீங்க. ஒக்காந்துக்கினு அமுக்குனா கையில கீற அந்த மிசினு போறவங்கள எண்ணாதா இன்னா? இது டீக்கட சேரு இல்ல, என் ஊட்டு சேரு. தோ, அந்த செவுத்துக்குப் பின்னாடிதான் எங்க காலனி. கொடையும் எட்தாந்துட்டேன். நான் புடிச்சிக்கறேன், நீங்க பாட்டுக்கு எண்ணுங்க.

எனுக்கு வேல இல்லியாவா? கீது, ஏன் இல்ல. கம்பெனி கேண்டீன்ல பாத்திரம் கழுவுறேன். ரோசம்மாள்னா கேண்டீன்ல எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு வவுத்து வலின்னு சொல்லி லீவு போட்டுட்டேன். வவுறு நல்லாத்தான் கீது.

ரோசா கலர் பொடவையா? அவ கன்னியம்மா, எங்க எதிர் ஊடு. இப்போ மஞ்ச பொடவைல போறவளா? அது... அது அவ அக்கா. ரெண்டு பேரும் ஒரே அச்சு. ஆமா, நடை கூட ஒண்ணுதான். அமுக்குங்க மேடம், டிக்குன்னு சத்தமே கேக்கல. ஆங், இப்போ கேட்டுச்சி.

ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. நேத்து பஜார் ரோட்ல எண்ணுனீங்க, இன்னிக்கு கம்பெனி ரோட்ல எண்ணுறீங்க. எங்க ஜனம் ஜாஸ்தி நடக்குதோ அங்கதான ரோட்டோரம் நடக்க பிளாட்பாரம் போடுவீங்க? தெரியும் தெரியும். கவுன்சிலரு மீட்டிங் போட்டு எல்லாத்தையும் சொன்னாரு. ரெண்டு ரோட்டுக்கு கேட்டுகீறாங்க, துட்டு ஒரு ரோட்டுக்குத்தான் வந்துகீது. மார்க்கு போட்டுப் பாத்து எது ஜாஸ்தி வாங்குதோ அது மொதல்ல, இன்னொண்ணு அப்பாலன்னாரு. அந்த அப்பால எப்போன்னு ஒருத்தரும் கேக்கல. என் ஊட்டுக்காரரு ஒரு ஆளு, பிளாட்பாரம்னு காதுல வுழுந்ததும் ரயில் டேசனுக்குப் போடறாங்கன்னு நெனச்சிக்கினு, அதான் ஏற்கெனவே கீதேன்னு எந்திரிச்சி கேட்டுட்டாரு. அல்லாரும் சிரிச்சாங்க. எனுக்கு சிரிப்பு வரல. ரயிலு வர்ற வரைக்கும் நிக்கறதுக்கு எடம் கீது, ரயில புடிக்க நடந்து போறவனுக்கு எடம் இல்ல. அவரு கேட்டதுல இன்னா தப்பு?

எங்க ரோடு மார்க்கு வாங்காது மேடம். ஸ்கூலு இருந்தா மார்க்கு, ஆஸ்பத்திரி இருந்தா மார்க்கு, பஸ் ஸ்டாப்பு இருந்தா மார்க்கு. இங்க இன்னா கீது? இந்தப் பக்கம் ஒரு கம்பெனி செவுரு, அந்தப் பக்கம் ஒரு கம்பெனி செவுரு, நடுவுல டிரெய்லரு லாரி. செவுத்துக்கு யாரு மார்க்கு குடுப்பா? ஆக்சிடெண்டு நடந்துருந்தா அதுக்கும் மார்க்கு உண்டாம். அதுலயும் எங்களுக்கு சைபரு. அது ஒரு கத, அப்பால சொல்றேன். அப்டி இப்டி கழிச்சிப் பாத்தா மிச்சம் கீறது நடக்கறவங்க மட்டும்தான். அதான் கொட புடிச்சிக்கினு ஒக்காந்துகீறேன்.

நானா திரும்பித் திரும்பிப் பாக்குறேன்? சும்மா, பஸ்ஸு வருதான்னு பாத்தேன். இந்த ரோட்ல பஸ்ஸு வராதா? ஆமா, வராது. பழக்கம், கழுத்து தானா திரும்புது.

தோ பாருங்க, குல்சும் அக்கா வராங்க, கருப்பு பர்தா. அவங்க துணிக்கட பஜார் ரோட்ல. பிளாட்பாரம் அங்க வந்தா அவங்க கட வாசலுக்குத்தான் நல்லது. இருந்தும் இங்க வந்து நடக்கறாங்க பாருங்க, இந்த வெயில்ல. இங்க இன்னா வேலையா? அது... பழைய பாக்கி வசூல் பண்ண வந்துருப்பாங்க. எனுக்கு இன்னா தெரியும்? அமுக்குங்க.

ஒரு நிமிசம் மேடம், போனு. ஆங், சொல்லு. எறங்கலியா? கதவாண்டயே நிக்குதா? சரி, வுடு, அவசரப்படுத்தாத. தண்ணி குடிக்க சொல்லு. நான் இங்கதான் கீறேன்னு சொல்லு. வை.

ஒண்ணுமில்ல, ஊட்லேர்ந்து எம் பையன். நீங்க சொல்லுங்க. எந்த ஆளு? மொட்டத் தலையா? திரும்பத் திரும்ப வராரா? இந்த ஊர்ல மொட்டைக்கா பஞ்சம்? திருத்தணி போய்ட்டு வந்தவங்க எத்தினி பேரு கீறாங்க. மொதல்ல வெள்ள சட்ட, இப்போ கட்டம் போட்ட சட்ட. சட்ட வேறன்னா ஆளு வேறதான? இல்லியா? லுங்கி ஒண்ணுதான்றீங்களா? அந்த மனுசனுக்கு படிச்சி படிச்சி சொன்னேன், லுங்கியும் மாத்துயான்னு.

அய்யோ, மிசின பைல வைக்காத ம்மா! எந்திரிக்காத, ஒக்காரு. நீன்னு சொல்லிட்டேன், கோச்சிக்காத, எம் பொண்ணு வயசுதான் ஒனக்கு. ஒக்காரு, சொல்லிடறேன். அந்த மொட்ட என் ஊட்டுக்காரரு, ஜெயராஜ். கன்னியம்மாவுக்கு அக்காவும் கெடையாது, தங்கச்சியும் கெடையாது. குல்சும் அக்காவுக்கு பாக்கியும் கெடையாது, நான் கூப்ட்டேன்னு கடைய சாத்திட்டு வந்துகீறாங்க. அல்லாரையும் நான்தான் நடக்க சொன்னேன். ஊடு ஊடா போயி சொன்னேன். போதுமா?

ஏமாத்துன்ற. சரி, ஏமாத்துதான். ஆனா ஒண்ணு கேட்டுக்கினு அப்பால போ. இவங்க அல்லாரும் இதே ரோட்ல நடந்தவங்கதான் ம்மா. டேசனுக்கு, ஷிப்டுக்கு, மார்க்கெட்டுக்கு, ஞாயித்துக்கெழம கோயிலுக்கு. ஜேஜேன்னு இருக்கும். அப்பால நடக்கறத வுட்டுட்டாங்க. இப்போ பைக்கு கீறவன் பைக்ல போறான். பொம்பளைங்க ஷேர் ஆட்டோவுக்கு குடுத்துட்டு ரெண்டு மொழம் தூரம் போறாங்க. புள்ளைங்க இன்னா பண்ணுதுங்க தெரியுமா? காலனிக்கு பின்னாடி ரயில் செவுத்துல ஒரு ஓட்ட கீது. அதுல பூந்து தண்டவாளத்து ஓரமாவே ஸ்கூலுக்குப் போவுதுங்க. கன்னியம்மா புள்ளையும் அதுல ஒண்ணு. ரயிலு சத்தம் கேட்டா அவ கையில கீறது கீழ வுழுது. நீ ரோட்ல நின்னுக்கினு எண்ணுற. அங்க போயி யாரு எண்ணுவா? நடக்கறவங்க இல்லன்னு நீங்க எடம் போட மாட்றீங்க. எடம் இல்லன்னு இவங்க நடக்க மாட்றாங்க. இத்த எந்த மார்க்குல சேப்பீங்க, சொல்லு.

ஏன் வுட்டாங்கன்னா... ஒரு ஆக்சிடெண்ட பாத்து பயந்துதான். அதான் அந்த சைபரு கத. போன மழைக்கு முந்தின மழ. எம் பொண்ணு ஷைனி அப்போ போன் கம்பெனில வேல செஞ்சிக்கினு இருந்தா. சாயங்காலம் ஷிப்டுக்குப் போறா. ஓரம் பூரா சேறு. புது செருப்பு, தார் ரோட்டு மேல ஏறி நடந்துகீறா. பின்னாடி வந்த டிரெய்லரு தோள்ல லேசா தட்டிட்டுப் போய்கினே கீறான். தட்டுனதே அவனுக்கு தெரிஞ்சிருக்காது. இவ கால்வாய்ல கெடந்தா. தொட எலும்பு ஒடஞ்சிபோச்சி. ஆஸ்பத்திரிக்கு தூக்கினு ஓடுனோம். அங்க இன்னா ஆச்சும்மான்னு கேட்டாங்க. இவ இன்னா சொன்னா தெரியுமா?

வுழுந்துட்டேன்னா.

அவ்ளோதான். வுழுந்துட்டேன். நம்ப ஜனம் வேற எப்டி சொல்லும், சொல்லு. எவனோ தள்ளி வுட்டாலும் வுழுந்துட்டேன்னுதான் சொல்றோம். இடிச்சிட்டான்னு வாயில வரமாட்டுது. அவங்க அப்டியே எழுதிக்கினாங்க. கேசு இல்ல, வண்டி இல்ல, ஒண்ணுமில்ல. அன்னிக்கு எங்களுக்கு அவ பொழச்சா போதும்னு இருந்துச்சி, எழுதுனத யாரு பாத்தா? மீட்டிங்ல கவுன்சிலரு படிக்கும்போதுதான் எனுக்கு ஒறைக்குது. கம்பெனி ரோடு, விபத்து இல்லன்னு படிக்கிறாரு. எனுக்கு பத்திக்கினு வந்துச்சி. எம் பொண்ணு கால்ல கம்பி வெச்சி தெச்சிகீறாங்க, விபத்து இல்லியாம். ஒரு வார்த்த ம்மா. ஒரு வார்த்த மாத்தி சொல்லிருந்தா எங்க ரோடும் மார்க்கு வாங்கிருக்கும். அத்த அவகிட்ட நான் சொல்லல. சொன்னா அதுக்கும் சேத்து அழுவும்.

தெரியும், ஒன் மேல தப்பு இல்ல. பாக்கறத எழுதறதுதான் ஒன் வேல. ஒன் வேலைக்கு நான் வேட்டு வைக்க மாட்டேன். கன்னியம்மாவ ஒண்ணா வெச்சிக்கோ, ரெண்டாவது பொடவைய அழிச்சிடு. எங்க ஊட்டுக்காரர மொத்தமா அழிச்சிடு, எனுக்கு ஒண்ணும் இல்ல. பஜாருக்கே போட்டாலும் போடட்டும், நான் போயி கவுன்சிலர் ஊட்டு வாசல்ல ஒக்காந்துக்கறேன், அது வேற விசயம். ஆனா இப்போ எந்திரிச்சி போவாத. இன்னும் கொஞ்ச நேரம் ஒக்காரு. மிசின கையில வெச்சிக்கினே ஒக்காரு.

மறுபடியும் போனு. ஆங்? ஊட்ட வுட்டு எறங்கிட்டாளா? மெய்யாலுமா? சரி சரி, கன்னியம்மாவ முன்னாடி போவ சொல்லு. குல்சும் அக்கா எங்க? பின்னாடி வர சொல்லு. அவுரு லாரி பக்கம்தான வராரு? வை, வை.

இல்ல ம்மா, அழுவல. தூசி. இந்த ரோட்ல எப்போ தூசி இல்ல?

ஷைனிக்கு கால் ஆறிப்போச்சி ம்மா, எப்பவோ. டாக்டரு நடன்னு சொல்ட்டாரு. பயம்தான் ஆறல. ஊட்டுக்குள்ள நல்லா நடக்கும், சமைக்கும், தம்பி கூட சண்ட போடும். வெளிய ஒரு ஆரன் சத்தம் கேட்டா போதும், கதவ புடிச்சிக்கும். அன்னிக்கு போனதுதான், அப்பால இந்த ரோட்ல கால் வெக்கல. ஆஸ்பத்திரிக்கு கூட ஆட்டோ உள்ள வந்தாத்தான் ஏறும், போற வழி பூரா கண்ண மூடிக்கும். எப்டி இருந்த பொண்ணு தெரியுமா, வாய் ஓயாது. நேத்து நீங்க வரப்போறீங்க, நடக்கறவங்கள எண்ணப்போறீங்கன்னு ஊட்ல பேசிக்கினு இருந்தேன். கம்முனு கேட்டுக்கினு இருந்துட்டு, அல்லாரும் நடந்தா நானும் வரேம்மான்னுச்சி. அவ்ளோதான் சொல்லுச்சி. அதுக்குத்தான் ஊடு ஊடா ஓடுனேன். ஒன் மிசினுக்கும்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா மொதல்ல இதுக்குத்தான்.

தோ... தோ வராங்க பாரு. திரும்பாத! பட்டுன்னு திரும்பாத ம்மா, நம்ப பாக்கறது அதுக்கு தெரியக்கூடாது. செவுத்து ஓரமா வருது, தெரியுதா? லாரி பக்கம் அவ நைனா. கைய அகலமா நீட்டிக்கினு, கோழி ஓட்றாப்ல. அய்ய, இந்த மனுசன் மானத்த வாங்குறாரு. கன்னியம்மா முன்னாடி, குல்சும் அக்கா பின்னாடி, பர்தா காத்துல பறக்குது பாரு. நடுவுல பச்ச சுடிதாரு.

டிரெய்லரு வருது. ஆரன் அடிக்காதடா. அடிக்காதடா பாவி, ஒனக்கு புண்ணியமா போவும்...

அடிச்சிட்டான்.

நின்னுட்டா. செவுத்த புடிச்சிக்கினா. ஏசப்பா. நான் போவ மாட்டேன், நான் போனா இட்டுக்கினு போன்னு அழுவும். நீயும் கூப்டாத. அவங்களும் நின்னுட்டாங்க பாரு, அல்லாரும் நின்னுகினு கீறாங்க. அவுரு கைய இன்னும் எறக்கல. லாரி போயிடுச்சி. போயிடுச்சிடி ஷைனி, நட. ஒரு எட்டு.

ஆங். வெச்சிட்டா. பாத்தியா? கால எடுத்து வெச்சிட்டா.

எல்லாரையும் அழிச்சிக்கோ ம்மா. மொட்டைய அழி, பொடவைய அழி, காலைலேர்ந்து போனவங்க மொத்தத்தையும் அழிச்சிக்கோ. அந்த பச்ச சுடிதார மட்டும் எண்ணு. அது பொய் இல்ல, அது மெய்யாலுமே நடந்து வருது. இரு, அவசரப்படாத, இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும். இன்னும் ரெண்டு எட்டு.

இப்போ. அமுக்கு ம்மா. நல்லா அமுக்கு, சத்தம் எனுக்கு கேக்கணும்.