மச்சான் விட்ட மூச்சு

குன்னூரில் வீடு வைத்திருப்பவன் துவைத்த துணியை வீட்டுக்குள் காயப் போடக் கூடாது. இதை என் மச்சான் ரொனால்டிடம் எத்தனையோ முறை நல்ல விதமாகச் சொன்னேன் சார். நீங்கள் எழுதும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் செல்லதுரை. கட்டபெட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரொனால்ட் என் மனைவி எல்சாவின் அண்ணன். வெலிங்டனில் வேலை முடிந்து குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர், வேறு வீடு கிடைக்கும்வரை என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது.

நல்ல மனிதர்தான். ஆனால் ஞானப்பாட்டில் ஒரு சரணம் விடாமல் பாடி முடிக்கும்வரை வெந்நீரில் குளிப்பார். கம்பளிச் சட்டையைக் கட்டில் தலைமாட்டில் காயப் போடுவார். ஜன்னலைத் திறக்க மாட்டார். அந்த மழைக்காலத்திலேயே அவர் அறைச் சுவரில் உப்புப் பூத்தது. பிறகு பெயின்ட் கொப்பளித்தது. கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை ஏறியது. தூங்கும்போது மனிதன் விடும் மூச்சில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

ஆராயாமல் நான் யாரையும் குற்றம் சொல்கிறவன் அல்ல. ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, சில நாள் விட்டுப் பார்க்க வேண்டும். தாளின் அறைப் பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் உள்ளே இருப்பவர்களுடையது. சுவர்ப் பக்கம் வேர்த்திருந்தால் அது வெளியிலிருந்து வருவது. நான் ஒட்டிய தாளில் இரண்டு பக்கமும் வேர்த்திருந்தது. நான் அறைப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் வெளிப்பூச்சு நானே போடவைத்தது. பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று, சிமென்ட்டில் பூசவைத்தேன். அதில் கோளாறு வர வழியில்லை.

ரொனால்ட் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து டீ குடிக்க வந்தவர்கள் முற்றத்தில் நின்றார்கள். அவர்கள் பார்க்க வெளிச்சுவரைக் கைத்தடியால் தட்டினார். டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்டது.

“மாப்ள, உள்ளார காலியாக் கெடக்குதுங்க. வெரிசல்ல மழத்தண்ணி எறங்குது, உங்க சிமெண்டு அத வெளிய உடமாட்டேங்குது. நீங்க என்ற துணியப் புடிச்சுத் தொங்கிட்டு இருக்கறீங்க,” என்றார்.

இன்னொரு தட்டு தட்டினார். முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து ரோஜாச் செடிமேல் விழுந்தது. பாஸ்டரம்மா கெஸியா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னால் நடந்ததற்கும் அந்தச் சிரிப்புக்கும் சம்பந்தமில்லை.

சுவர் காய வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் இங்கே எல்லோரும் செய்வதுபோல அவர் அறையில் கரி மூட்டிய கணப்புச் சட்டி வைத்தேன். அவரும் மலையில் பிறந்தவர். சட்டி வைத்தால் கரியின் நச்சுக்காற்று வெளியேற ஜன்னலில் விரல் நுழையும் இடைவெளி விட வேண்டும் என்று தெரிந்தவர். விட்டுத்தான் படுத்தார். மதியம் கறிச்சாப்பாடு, நல்ல தூக்கம். எல்சா பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன். வெளியே வந்து கதவடியில் சாக்கைத் திணித்தேன். பிறகு வராந்தாவில் உட்கார்ந்து பேப்பரை ராசிபலன் உட்படப் படித்தேன். கிறிஸ்தவன் படிக்கக் கூடாததுதான், ஆனால் பொழுது போக வேண்டுமே. எல்சா வருவதற்குள் சாக்கை எடுத்து மடித்து வைத்துவிட்டேன்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் உருகி உருகிப் பேசினார். எனக்குப் பிரசங்கத்தில் மனம் ஓடவில்லை. பீடத்துக்குப் பின்னால் சுவரில் உப்புப் பூத்திருந்தது. அதைச் சொன்னால் கமிட்டியில் யாரும் கேட்க மாட்டார்கள்.

நீங்களோ ரிப்போர்ட்டில் ‘வீட்டுக்காரரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். எஸ்டேட்டில் வேலை பார்த்த காலம் முழுக்க என்னை ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை சார். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ரொனால்டை நான்தான் கொன்றேன். யோசித்து, வேண்டுமென்றே செய்தேன்.

சுவர் இன்னும் காயவில்லை. காரணமும் தெரியும். அண்ணன் போனதிலிருந்து எல்சா அந்த அறையிலேயே கிடந்து அழுகிறாள். இன்று காலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏனுங்க, அண்ணன் சொன்னது நெசந்தானுங்க. கொத்தனாரக் கூப்புட்டு அந்தப் பூச்ச உரிச்சுப் போடலாமுங்க,” என்றாள். நான் வாதாடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

நீங்கள் டீயைக் குடித்துவிட்டு நிதானமாக எழுதுங்கள், எனக்கு அவசரமில்லை. மதியம் சாப்பிட்டதும் எல்சா குளிருகிறது என்றாள். சட்டியைப் பற்றவைத்து, அவள் கண்ணயரும்வரை பக்கத்தில் இருந்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன்.